485 தடத்துக்கு முனைத் தடையிகள் எத்தனை, எந்த இடத்தில்?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் பொய்லர் அறையும் பிரதான கட்டுப்பாட்டுப் பெட்டியும் உள்ளன. அங்கிருந்து புறப்படும் ஆர்எஸ்-485 லைன் (கட்டுப்படுத்திகள் ஒன்றோடொன்று பேசும் தரவு வயர்) பின்புறமுள்ள மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சென்று மூன்றாம் மாடியில் முடிகிறது. அதில் 19 கட்டுப்படுத்திகள் இருக்கின்றன; அவை பேசும் மொழி பக்நெட் எம்எஸ்/டிபி, வேகம் செக்கனுக்கு 38,400 பிட். மூன்று வருடங்களாக எந்தக் குறையும் இருக்கவில்லை. அண்மையில் சரிவில் கட்டிய நான்கு குடில்களையும் இதே லைனில் இணைத்தோம். மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள ஜங்ஷன் பெட்டியிலிருந்து ஒவ்வொரு குடிலுக்கும் தனித்தனியாக வயர் போகிறது. அன்று தொடக்கம் பின்னேரங்களில் ஆறேழு கட்டுப்படுத்திகள் கணினித் திரையிலிருந்து மறைவதும் மீள்வதுமாக இருக்கின்றன. வயரிங் செய்தவர் நான்கு குடில்களிலும் 120 ஓம் தடையி பொருத்திவிட்டுப் போனார். வேறொருவர் தடையிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்கிறார். யார் சொல்வது சரி? மீதமிருக்கும் கணினி வலைக் கேபிளைப் பயன்படுத்தலாமா? மின்னலுக்கு என்ன செய்வது?

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. இருவருமே தடையிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் ஹோட்டலில் பிழைத்திருப்பதோ தடத்தின் வடிவம். ஆர்எஸ்-485 தடம் என்பது தொடங்கும் இடமும் முடியும் இடமும் கொண்ட ஒரே நேர்வரிசை. தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை, நினைத்துப் பாருங்கள். ஒரு லயத்தில் ஆறு காம்பராக்கள் (அறைகள்) இருந்தாலும் பன்னிரண்டு இருந்தாலும் கோடிக் காம்பராக்கள் இரண்டுதான். முனைத் தடையி அந்த இரண்டு கோடிகளுக்கு மட்டுமே உரியது, நடுவில் இருப்பவை எதற்கும் அது தேவையில்லை. குடில்களை இணைத்த நாளில் உங்கள் தடம் லயமாக இல்லாமல் மரமாகிவிட்டது. மரத்தில் எந்தக் கிளையின் நுனியைக் கோடி என்பது? அந்தக் கேள்விக்கு விடை இல்லாததால்தான் ஒருவர் எல்லா நுனிகளிலும் தடையி போட்டார், மற்றவர் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

தடையி எதற்காக என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். உங்கள் பொய்லர் அறையில் ஒரு வால்வைச் சடுதியாக மூடினால் நீர்க்குழாய் முழுவதும் அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருந்த நீரின் அழுத்தம் மூடிய முனையில் மோதித் திரும்பி வருவதால் ஏற்படும் சத்தம் அது. முறுக்கிணை வயரில் (ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளில்) ஓடும் மின்குறியும் அவ்வாறே திறந்த முனையை அடைந்ததும் திரும்பி வந்து, பின்னால் வரும் குறிகளுடன் மோதுகிறது. வயரின் சிறப்பு மறிப்புக்கு (ஓடும் குறிக்கு வயர் காட்டும் எதிர்ப்புக்கு) சமமான தடையி ஒன்று முனையில் இருந்தால், அந்தச் சக்தி முழுவதும் அதற்குள் வெப்பமாகித் தீர்ந்துவிடும், திரும்பி வர எதுவும் இராது. இவ்வகைக் கட்டடக் கட்டுப்பாட்டு வயரின் மறிப்பு பெரும்பாலும் 100 முதல் 130 ஓம் வரை இருப்பதனாலேயே 120 ஓம் என்ற பெறுமானம் நிலைபெற்றது.

எல்லாவற்றையும் கழற்றச் சொன்னவர் இந்த அறிவுரையை வெறுமனே சொல்லியிருக்க மாட்டார். எங்கேயோ அது அவருக்குக் கைகொடுத்திருக்கும். குறி வயரில் ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோசெக்கன் எடுக்கிறது. 300 மீற்றர் தடத்தின் கோடிக்குப் போய்த் திரும்ப 3 மைக்ரோசெக்கன் போதும். 9,600 வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோசெக்கன் நீடிக்கும். வாங்கும் பக்கம் அதன் நடுப்பகுதியில்தான் பெறுமானத்தைப் பார்க்கும் என்பதால், அதற்குள் எதிரொலி பலமுறை போய் வந்து அடங்கிவிடுகிறது. 38,400 வேகத்தில் ஒரு பிட்டுக்கு 26 மைக்ரோசெக்கனும், 76,800 இல் 13 மைக்ரோசெக்கனும்தான் உள்ளன. அவகாசம் குறையக் குறைய, அடங்காத எதிரொலி தொடக்கப் பிட்டின் விளிம்பைக் குழப்பிவிடுகிறது. ஆகவே குறைந்த வேகத்திலும் குறுகிய தடத்திலும் தடையி இல்லாமல் ஓடிய ஓர் இடத்தின் அனுபவத்தை உங்கள் இடத்துக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

அதிகமாகப் போடுவதன் கேடு வேறு வகையானது, உங்கள் இடத்தில் இப்போது நிகழ்வது பெரும்பாலும் அதுதான். முன்பிருந்தே கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒன்று, மூன்றாம் மாடியில் ஒன்று, இப்போது குடில்களில் நான்கு என ஆறு தடையிகள் சமாந்தரமாக நிற்கின்றன. 120 ஓம் தடையிகள் இரண்டு சமாந்தரமாக நின்றால் 60 ஓம். ஆறு நின்றால் 20 ஓம். 1983 இல் வெளிவந்து 1998 இல் திருத்தப்பட்ட 485 நியமம், அனுப்பும் சில்லு (சிப்) 54 ஓம் சுமையின் குறுக்கே குறைந்தது 1.5 வோல்ற் தரவேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. அந்த 54 ஓம் இரண்டு முனைத் தடையிகளையும் 32 அலகுச் சுமைகளையும் (தடத்தில் இணையும் கருவிகள் தரும் சுமைக்கான அளவு) கருத்திற் கொண்ட கணக்கு. மூன்றாவது தடையிக்கு அதில் இடமில்லை.

இதைவிட முக்கியமானது எவரும் பேசாத நேரத்தில் தடம் இருக்கும் நிலை. வாங்கும் பக்கம் ஒரு குறியைத் தீர்மானமாக அறிய இரு வயர்களுக்கும் இடையே குறைந்தது 200 மில்லிவோல்ற் வேறுபாடு வேண்டும். எந்தக் கட்டுப்படுத்தியும் பேசாதபோது அந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்பவை பயஸ் தடையிகள்: பிளஸ் வயரை 5 வோல்ற்றை நோக்கி இழுக்கும் 510 ஓம் ஒன்று, மைனஸ் வயரைப் பூச்சியத்தை நோக்கி இழுக்கும் 510 ஓம் ஒன்று. இரண்டு முனைத் தடையிகளுடன் கணக்கிட்டால் 5 வோல்ற்றில் 1,080 இல் 60 பங்கு, அதாவது ஏறக்குறைய 278 மில்லிவோல்ற் கிடைக்கிறது. மூன்றாவது தடையி ஒன்றைச் சேர்த்தாலே அது 189க்கு இறங்கிவிடுகிறது. ஆறு தடையிகளுடன் உங்கள் தடத்தில் எஞ்சுவது 96 மில்லிவோல்ற். இந்த நிலையில் வாங்கும் சில்லுக்கு அமைதியும் பேச்சும் ஒன்றுபோலத் தெரியும். காலையில் எப்படியோ ஓடிவிடும். பின்னேரத்தில் விருந்தினர் வந்து, சுடுநீர்ப் பம்பிகளின் வேகமாற்றிகளும் அறை ஹீட்டர்களும் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் அவற்றின் இரைச்சல் அந்த மெல்லிய இடைவெளியை எளிதில் தாண்டிவிடும். பழுது பின்னேரத்தில் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

இதை நம்புவதற்கு முன் அளந்து பாருங்கள். எல்லாக் கட்டுப்படுத்திகளின் மின்னையும் அணைத்துவிட்டு, பெட்டியில் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே மல்டிமீற்றரால் தடையை அளவிடுங்கள். சரியான தடத்தில் 60 ஓமுக்கு அண்மித்த பெறுமானம் வரும். மெல்லிய வயர் நீண்ட தூரம் ஓடினால் வயரின் சொந்தத் தடையும் சேர்ந்து 70 வரை போகலாம். 120க்குக் கிட்ட வந்தால் ஒரு கோடியில் தடையி இல்லை, அல்லது வயர் வழியில் அறுந்திருக்கிறது. 40 வந்தால் எங்கேயோ மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு 20 முதல் 30 ஓமுக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வெளியே தெரியும் தடையிகளை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். பல கட்டுப்படுத்திகளில் முனைத் தடையி உள்ளேயே இருக்கும். சிறிய ஆளி ஒன்றோ ஜம்பர் ஒன்றோ அதைத் தடத்தில் சேர்க்கும். புதிதாகப் பொதியைப் பிரித்த நிலையிலேயே அந்த ஆளி ஒன்றிரண்டில் போடப்பட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு மாற்று வழி கிடையாது.

இனி வடிவத்தைத் திருத்துவோம். குடில்களில் இருக்கும் நான்கு தடையிகளையும் கழற்றிவிட்டு வயரை அப்படியே விட்டால் எண்ணிக்கை சரியாகும், ஆனால் சரிவில் இறங்கும் நான்கு நீண்ட கிளைகளும் திறந்த முனைகளுடன் தொங்கும். பக்நெட்டும், 485 வயரில் ஓடும் இன்னொரு மொழியான மொட்பஸ்ஸும் எதிர்பார்ப்பது, வயர் ஒரு கட்டுப்படுத்தியின் முனைக்குள் வந்து அதே முனையிலிருந்து அடுத்ததற்குப் புறப்பட்டுச் செல்வதையே. கிளை இருந்தே ஆகவேண்டுமானால் அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, கீழ்த்தள ஜங்ஷன் பெட்டியில் மின்தனிமைப்படுத்திய ரிப்பீட்டர் (இரு பக்கங்களையும் மின்னளவில் பிரித்து, குறியை மட்டும் மறுபக்கத்துக்குப் புதிதாக அனுப்பும் கருவி) ஒன்றைப் பொருத்துவது. குடில்கள் அதன் மறுபக்கத்தில் தனித் தடமாகட்டும். ரிப்பீட்டரிலிருந்து முதற் குடிலுக்கு, அங்கிருந்து இரண்டாவதற்கு, பின் மூன்றாவது, நான்காவது என்று வயர் கோத்துச் செல்லட்டும். அப்போது அந்தத் தடத்தின் கோடிகள் ரிப்பீட்டரின் குடில் பக்கமும் நான்காம் குடிலும். தடையி அங்கே இரண்டு. பழைய தடத்தின் கோடிகள் முன்பிருந்தவாறே பெட்டியும் மூன்றாம் மாடியும், அங்கேயும் இரண்டு. ரிப்பீட்டரின் பழைய தடப் பக்கம் நடுவில் நிற்கும் இன்னொரு சாதாரண இணைப்புதான் என்பதால், அந்தப் பக்கத்துத் தடையி ஆளியை அணைத்தே வைக்கவேண்டும். ரிப்பீட்டரைப் பொருத்துபவர்கள் இரு பக்க ஆளிகளையும் போட்டுவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. குடில் பக்கத் தடத்துக்குத் தனியாக ஒரு சோடி பயஸ் தடையிகளும் தேவை. ஒரு தடத்தில் குறைந்தது ஒரு சோடி, கூடியது இரண்டு சோடி என்பது பக்நெட் நியமத்தின் விதி.

ரிப்பீட்டர் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. குடில்களுக்குப் போகும் கேபிள்களில் இரண்டு முறுக்கிணைகள் இருந்தால், ஓர் இணையில் போய் மற்ற இணையில் ஜங்ஷன் பெட்டிக்குத் திரும்பி வரலாம். முதற் குடிலுக்குப் போய்த் திரும்பும் இணை, ஜங்ஷன் பெட்டிக்குள் இரண்டாம் குடிலுக்குப் போகும் இணையுடன் சேரும். வெளியிலிருந்து பார்க்க நட்சத்திரமாகத் தோன்றினாலும் மின்சார அளவில் அது ஒரே வரிசை. ஆனால் தூரம் இரட்டிப்பாகும் என்பதை மறக்கவேண்டாம். எம்எஸ்/டிபி தடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் உச்சத் தூரமான 1,200 மீற்றர் தடித்த 18 ஏடபிள்யூஜி (வயரின் தடிப்ப அளவு) வயருக்கு உரியது. மேலும் இவ்வழியில் குடில்களும் பழைய கட்டடமும் மின்னிணைப்பால் பிணைந்தே இருக்கும் என்பதால், மின்னலைக் கருதி இதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே சொல்கிறேன்.

தடையிகளும் வடிவமும் சரியான பின்னும் பழுது எஞ்சினால் கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியிருக்கும் கவசத்தைப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில், பம்பி ஓடும்போது மட்டும் ஐந்து கட்டுப்படுத்திகள் மறைந்துவிடும் பழுதொன்றை இரண்டு நாட்கள் தேடினேன். தடை 61 ஓம், துருவங்கள் சரி, முகவரிகள் சரி. இரண்டாம் நாள் அந்தியில், டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முனையையும் கைத்தொலைபேசிக் கமராவால் பெருப்பித்துப் பார்த்தபோதுதான், கவசத்தின் வெற்றுக் கம்பியிலிருந்து பிரிந்த ஓர் இழை, தலைமயிரளவு தடிப்பம் கூட இல்லாதது, வளைந்து மைனஸ் முனையின் ஸ்குரூவைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த இழையை வெட்டிய உடனே பழுது நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு இணைப்பிலும் வெற்றுக் கம்பிக்கு வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடாமல் நான் மூடியை மூடுவதில்லை.

கவசம் தடம் முழுவதும் அறுபடாமல் தொடரவேண்டும். புவித்தொடுப்போ ஒரே ஓர் இடத்தில், பெட்டியின் பக்கத்தில் மட்டுமே இருக்கவேண்டும். இரண்டு இடங்களில் தொடுத்தால், அந்த இரண்டு ஏர்த்களுக்கும் இடையிலுள்ள வோல்ற்றளவு வேறுபாடு கவசத்தில் மின்னோட்டத்தை ஓடச் செய்யும். அதேபோல, 485க்கு இரண்டு வயர் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவதையும் முழுமையாக நம்பவேண்டாம். இரு வயர்களும் வாங்கும் சில்லின் பூச்சியத்தைவிட 7 வோல்ற் கீழேயிருந்து 12 வோல்ற் மேலே வரைக்குள் இருந்தால்தான் நியமம் உறுதி தருகிறது. அந்தப் பூச்சியத்தை எல்லோருக்கும் பொதுவாக்குவதற்கே மூன்றாவது வயர். தனிமைப்படுத்திய முனை உள்ள கட்டுப்படுத்திகளுக்கு அது கட்டாயம். 24 வோல்ற் ஏசி டிரான்ஸ்போமர் ஒன்றைப் பல கட்டுப்படுத்திகள் பகிரும் இடங்களில் இன்னுமொரு கவனம் வேண்டும். அரையலைச் சீராக்கம் செய்யும் (ஏசி அலையின் ஒரு பாதியை மட்டும் டிசியாக்கும்) கட்டுப்படுத்திகள் பலவற்றில் 24 வோல்ற்றின் ஒரு முனையும் 485இன் பொதுமுனையும் உள்ளே ஒன்றுதான். ஒன்றில் மட்டும் இரு வயர்களை மாற்றி இணைத்தால் 24 வோல்ற் தரவுத் தடத்தின் வழியே குறுக்கிணைந்து சில்லுகளைச் சுட்டுவிடும். முழுவலைச் சீராக்கம் செய்பவற்றுக்கு வேறு டிரான்ஸ்போமர் கொடுப்பதே பாதுகாப்பானது.

துருவம் பற்றிச் சுருக்கமாக: ஏ, பி என்ற எழுத்துகளை நம்பி வயரை இணைக்காதீர்கள், ஏனெனில் நியமம் ஏ என்று குறிப்பதைச் சில்லு உற்பத்தியாளர்கள் பலர் பி என்று குறிக்கிறார்கள். பிளஸ், மைனஸ் குறிகளையே பின்பற்றுங்கள். ஐயம் இருந்தால், பெட்டியின் எம்எஸ்/டிபி போர்ட்டை மென்பொருளில் நிறுத்தி வைத்து, மற்றக் கட்டுப்படுத்திகளை அணைத்து, பயஸ் மட்டும் உயிருடன் இருக்க, ஒவ்வொரு முனையிலும் டிசி வோல்ற்றளவை அளந்து பாருங்கள். மைனஸுடன் ஒப்பிட, பிளஸ் பக்கம் 200 மில்லிவோல்ற்றுக்கு மேல் நேர்ப் பெறுமானமாக இருக்கவேண்டும். மறைப் பெறுமானம் வந்தால் அந்த இடத்தில் வயர் மாறியிருக்கிறது.

கணினி வலைக் கேபிளைக் கட்டடத்துக்குள் பயன்படுத்தலாம். அதன் மறிப்பு 100 ஓம், கொள்ளளவமும் பக்நெட் கேட்கும் மீற்றருக்கு 100 பிக்கோபரட் என்ற எல்லைக்கு நன்கு கீழேதான் இருக்கிறது. ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் ஒரே முறுக்கிணையிலேயே செல்லவேண்டும்: நீலமும் நீல வெள்ளையும் போல. நீலத்தையும் செம்மஞ்சளையும் சோடியாக்கினால் முறுக்கின் பயன் முழுவதும் போய்விடும். மல்டிமீற்றரில் எந்தக் குறையும் தெரியாததால் இந்தத் தவறு வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதன் ஒற்றைக் கம்பி மெல்லியது, ஸ்குரூவை இறுக்கும்போது கீறல் விழுந்து பின்னர் முறிகிறது. வெளிச்சரிவுக்கு அந்தக் கேபிள் வேண்டாம். மேலுறை வெயிலையும் ஈரத்தையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே 120 ஓம் மறிப்புள்ள, கவசமிட்ட, நிலத்தடிக்கு உகந்த வயரையே வாங்குங்கள். பம்பியின் வேகமாற்றியில் மொட்பஸ் முனை இருந்தால் அதை எம்எஸ்/டிபி வயரில் சேர்க்கவேண்டாம். மின்வடிவம் ஒன்றானாலும் மொழி வேறு.

மின்னலைத் தடையி தடுக்காது. மலைநாட்டில் பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமின்னல் வழமையானது. பாறைத் தரையில் ஏர்த்தின் தடையும் அதிகம். அருகில் மின்னல் இறங்கும்போது மேலுள்ள கட்டடத்தின் ஏர்த்துக்கும் கீழுள்ள குடிலின் ஏர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ற் வேறுபாடு எழலாம்; இரண்டையும் இணைக்கும் செப்பு வயர் அதன் பாதையாகிவிடும். கட்டடங்களுக்கிடையே ஒளியிழைக் கேபிள் போட்டு இரு பக்கமும் 485 மாற்றிகளை வைப்பதே முழுமையான தீர்வு. செலவு தாங்காவிட்டால், நான் மேலே சொன்ன தனிமைப்படுத்திய ரிப்பீட்டருடன், வயர் ஒவ்வொரு கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலும் 485க்குரிய மின்னெழுச்சிப் பாதுகாப்பானைப் பொருத்தி, அதை அந்தக் கட்டடத்தின் பிரதான ஏர்த்துடன் குறுகிய தடித்த வயரால் இணைத்துவிடுங்கள்.

சரிவில் இறங்கும் வயர்க் குழாயையும் பாருங்கள். மேட்டில் புகும் மழைநீரும் மூடுபனியின் ஈரமும் அந்தக் குழாய் வழியே வடிந்து நேரே குடிலின் பெட்டிக்குள் வந்து சேரும். செப்பு முனைகளில் பச்சை படிந்திருந்தால், உள்பக்கச் சுவரில் நீர்த்துளிகள் நின்றால், உங்கள் பின்னேரப் பழுதுக்கு அதுவும் பங்காளிதான். குழாயின் மேல்வாயை அடைத்துவிடுங்கள். கேபிள் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, அடிப்பக்கத்தால் உள்ளே ஏறட்டும். குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வெளியேறச் சிறு துளை இடுங்கள்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதல் நாள் காலை, நான்கு குடில் வயர்களையும் ஜங்ஷன் பெட்டியில் முழுமையாகக் கழற்றிவிட்டு 60 ஓம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழைய தடத்தை இரண்டு பின்னேரங்கள் அப்படியே ஓடவிடுங்கள். அது நிலைத்து நின்றால் பழைய பகுதியில் குறை இல்லை. பழுது தொடர்ந்தால் தடத்தை நடுவில் பிரித்து, பிரித்த இடத்தில் தற்காலிகமாக ஒரு 120 ஓம் தடையி வைத்து, எந்தப் பாதியில் பழுது நிற்கிறது என்று தேடுங்கள். அதன் பின்னரே ரிப்பீட்டரும் குடில்களும். முடிந்ததும், வயர் செல்லும் வரிசையை ஒரு தாளில் வரைந்து, நான்கு தடையிகள் இருக்கும் இடங்களையும் பயஸ் இருக்கும் இடங்களையும் குறித்து, அளந்த ஓம் பெறுமானத்தைத் திகதியுடன் எழுதி, பெட்டிக் கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடுங்கள். ஐந்தாம் குடிலை இணைக்க வருபவர் நான்காம் குடிலின் தடையியைக் கழற்றி ஐந்தாவதில் பொருத்தவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.